வேகம் எடுத்தால் ஸ்டீரிங் ஆடுகிறதா? ஏற்காடு ஏறி இறங்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

ஏற்காடு மலைப்பாதையில் கார் பெரும்பாலும் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறி இறங்கும். அந்த வேகத்தில் லேசாக வளைந்த ரிம்மோ, ரப்பர் கிழிந்த புஷ்ஷோ (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), இடம் மாறிய டோவோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) கைக்குத் தெரியாது. மறுநாள் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஏறி 100-ஐத் தொடும்போதுதான் ஸ்டீரிங் நடுங்கும், அல்லது முன்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கும். நெடுஞ்சாலையில் வந்த கோளாறு என்று தோன்றும். ஆனால் சேலத்துக் கார்களில் நான் பார்த்தவரை, அடிபட்ட இடம் பெரும்பாலும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்று.

அதனால் கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் கடைசியாக மலைக்குப் போய் வந்ததை யோசித்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும்போது பின் சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்கியதா? பள்ளத்தில் 'டம்' என்று ஓர் அடி விழுந்ததா? இறங்கும் வழி முழுக்கப் பிரேக்கில் கால் இருந்ததா? இந்த மூன்றும் கீழே வந்தபின் மூன்று வெவ்வேறு அறிகுறிகளாக வெளிப்படும்.

ஸ்டீரிங் சரியில்லை என்றவுடன் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) கடைக்குப் போவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து அதைக் கடைசியில் வையுங்கள். பால் ஜாயிண்டில் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) ஆட்டம் இருக்கும் காரை மேடையில் ஏற்றி அளவுகளைச் சரிசெய்தால், கடை வாசலைத் தாண்டும்போதே அவை மாறிவிடும். காசு போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது

தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். தருமபுரி பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகளின் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள் எல்லோருக்கும் தெரியும். கொச்சி நெடுஞ்சாலையில் சங்ககிரி பக்கம் போகும் சமமான, நேரான பகுதி, அதிகாலை, காய்ந்த சாலை, அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள். இவ்வளவு போதும். ஸ்டீரிங் கோளாறுகளில் பெரும்பாலானவை 80-க்கும் 100-க்கும் நடுவிலேயே முகம் காட்டிவிடும். அதற்கு மேல்தான் தெரிகிறது என்றால், அதைப் பொதுச்சாலையில் தேடக் கூடாது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே ஓட்ட அனுமதி கிடைக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மூன்று விஷயங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: அறிகுறி வந்தபோது என்ன வேகம், எந்தப் பெடலில் கால், சாலை எப்படி. "ஸ்டீரிங் ஆடுது" என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கும், "95-ல் ஆரம்பிக்குது, 115-ல் நிக்குது, ஆக்சிலரேட்டரை விட்டாலும் மாறல" என்று சொல்வதற்கும் பாதி நாள் வேலை வித்தியாசம்.

டயரின் பக்கச் சுவரில் புடைப்பு இருந்தாலோ, முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டினாலோ, நேற்றில்லாத பிளே (திருப்பினாலும் சக்கரம் அசையாத வெற்று ஆட்டம்) இன்று ஸ்டீரிங்கில் இருந்தாலோ ஓட்டிப் பார்க்கும் பேச்சே கிடையாது. கார் லாரி மேல்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

முதலில் காற்று

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடக்கம். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) குறைவு. காற்றுமானி காட்டுவது டயருக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வித்தியாசத்தை மட்டும்தான். எனவே சேலத்தில் 33 வைத்த டயர், சூடு மாறாமல் இருந்தால், ஏற்காட்டில் 35 காட்டும். இன்னொரு பக்கம், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கும். மேலே குளிர்ந்த காலையில் ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, வரும் எண்ணை நம்பிக் காற்றை மாற்றினால் கீழே வந்தபின் வேறு எண் இருக்கும்.

இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. மலை இறங்கி வந்த சூட்டோடு அடிவாரத்தில் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்து, "காத்து அதிகமா இருக்குங்க" என்று சொல்வதைக் கேட்டு இறக்கிவிடுவது. பிரேக் சூடும் டயர் சூடும் சேர்ந்து 4, 5 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டியிருக்கும். அதைக் குறைத்தால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். தளர்ந்த டயரின் பக்கச் சுவர் நெளியும், வேகத்தில் ஸ்டீரிங் திருப்பினால் கார் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்லும். சேலத்தில், உங்கள் வீட்டு ஷெட்டில், காலையில், காரை நகர்த்தும் முன் அளவிடுங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு. முன்னும் பின்னும் வேறு வேறு எண்கள் இருக்கும், கவனம்.

காற்று பார்க்கும்போதே டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், அதனால் டிரெட் புதிதுபோல் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். அப்படிப்பட்ட டயரில் வேறு எந்தக் கோளாறைத் தேடினாலும் விடை தெளிவாகக் கிடைக்காது.

அறிகுறி: 80 முதல் 110-க்குள் நடுக்கம், அப்புறம் குறைகிறது

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, தாண்டினால் அடங்கும் நடுக்கம் சுழலும் பொருளில் இருக்கிறது. கைகளில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம். இது நூற்றுக்கு நூறு பொருந்தாது, தொடங்குவதற்குப் போதும்.

சின்ன எடை இவ்வளவு தொல்லை தருமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 13 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. 18 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் குறைந்திருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் மூன்று கிலோ எடையின் விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை உதைக்கிறது. 140-ல் அந்த உதை இரண்டு மடங்கு. இருபது கிராம் என்பது அலாயின் உட்புறம் ஒட்டும் நான்கு சிறு துண்டுகள்தான். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டாலோ, இறக்கத்தில் பிரேக் சூட்டில் பசை இளகினாலோ அவை உதிரும்.

மழைக்காலத்தில் அதைவிடவும் சாதாரணமான காரணம் சேறு. காபித் தோட்டங்களுக்குள் போகும் மண் பாதையின் செம்மண் ரிம்மின் உள்வளைவில் அப்பிக்கொண்டு, இரவில் காய்ந்து கல்லாகிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே நூறு கிராம்கூட இருக்கலாம். பேலன்சிங்குக்குப் போகும் முன் சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தைக் கழுவுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கழுவியும் நடுக்கம் இருந்தால், பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுற்றும்போது எடை காட்டும் திரையைப் பார்க்காதீர்கள். ரிம்மின் உள் விளிம்பைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்த அடி உள் விளிம்பில்தான் வளைவாகத் தெரியும், வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது. வளைந்த ரிம்மில் எடை ஒட்டி எண்ணைச் சுழியமாக்கலாம், ஆனால் உருளும்போது அது மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அலாயைச் சூடாக்கி நிமிர்த்தித் தருவார்கள். லேசான வளைவுக்கு அது சரி. விரிசல் இருந்தால், அல்லது ஏற்கெனவே வெல்டிங் பார்த்த ரிம் என்றால், வேகமாக ஓடும் காரில் அதை மாட்டக் கூடாது.

வெளியில் வாங்கிய அலாய் மாட்டியிருந்தால் ஹப்பின் நடுத்துளையைச் சரிபாருங்கள். துளை பெரிதாக இருந்து இடைவளையம் போடாமல் விட்டிருந்தால், சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மையம் கொஞ்சம் விலகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற கார் முதல் 15, 20 கிலோமீட்டர் நடுங்கிவிட்டு அடங்கினால், அது டயர் ஒரே இடத்தில் அமுங்கியதால் வந்தது. அடங்காவிட்டால் அந்த டயர் போய்விட்டது என்று அர்த்தம்.

இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம், முன்னும் பின்னும் மாற்ற முடியாது. சுழலும் திசைக்கு அம்புக்குறி இல்லாத டயர் என்றால் இடம் வலம் மாற்றலாம்.

அறிகுறி: நடுக்கம் இல்லை, ஆனால் முன்பக்கம் லேசாகிறது

வேகம் கூடக் கூட ஸ்டீரிங்கின் கனம் குறைந்து, கார் தானாக இங்கும் அங்கும் அலைகிறது. இருப்பதிலேயே பயமுறுத்துவது இதுதான். பயப்படத்தான் வேண்டும். காற்று காரைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. 60-ல் இருப்பது 120-ல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். 60-ல் தெரியாத ஒன்று 120-ல் காரின் நடத்தையையே மாற்றிவிடும்.

பெரிய நிறுவனங்களே இதில் பாடம் கற்றிருக்கின்றன. 1998-ல் வந்த முதல் தலைமுறை ஆடி டி.டி. அதிவேகத்தில் பின்பக்கம் லேசாகித் தடுமாறி விபத்துக்குள்ளானது. ஆடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்துப் பின் ஸ்பாய்லர் பொருத்தியது, சஸ்பென்ஷனை மாற்றியது, ஈ.எஸ்.பி. (கார் வழுக்கினால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் கொடுக்கும் அமைப்பு) சேர்த்தது. அழகான வளைவுள்ள கூரை விமான இறக்கை மாதிரி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே முதலில் குனிந்து காரின் அடியில் பாருங்கள். வேகத்தடைகளில் உரசி உரசி, முன் பம்பரின் கீழ் உதடும் அடித்தட்டும் தளர்ந்திருக்கும். இரண்டு ஸ்க்ரூ போனால் போதும், வேகத்தில் தட்டின் முன்முனை கீழே தொங்கிக் காற்றை உள்ளே அள்ளும். கையால் இழுத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. போர்ஷே 911 மாதிரி தானாக எழும் பின் ஸ்பாய்லர் உள்ள கார்களில், நிற்கும்போதே பொத்தானை அழுத்தி அது முழுதாக எழுகிறதா என்று பாருங்கள். எழாத ஸ்பாய்லர் பின்பக்கத்தை லேசாக்கும்.

911-க்கு இன்னொரு விஷயம்: எஞ்சின் பின்னால், பெட்ரோல் டேங்க் முன்னால். 60 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 45 கிலோ. டேங்க் காலியாக இருக்கும் நாளில் முன்பக்கம் லேசாகத் தோன்றுவது அந்தக் காரின் இயல்பு. அரை டேங்க் போட்டபின் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

காரைத் தாழ்த்தி ஸ்பிரிங் மாற்றியிருந்தால், முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயரமாக நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். மூக்கு தூக்கிய காரின் அடியில் காற்று கூடுதலாகப் புகும், அத்துடன் காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) மாறியிருக்கும். ஸ்டீரிங்கை நேராக்கி வைத்திருப்பது காஸ்டர்தான். அது குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பச் சோம்பும்.

கண்டெய்னர் லாரியைத் தாண்டும்போது காற்றால் கார் பக்கவாட்டில் தள்ளப்படுவதும் இழுபடுவதும் எல்லாக் கார்களிலும் உண்டு. ஒரு சிறு திருத்தத்தில் அடங்கினால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தானாகத் திரும்புகிறது

இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகத்தில் தடம் மாறும்போது அல்லது காலை எடுக்கும்போது பின்பக்கம் ஒரு துளி வெட்டினால், அடுத்த முறை மழையில் அது ஒரு துளியோடு நிற்காது. காலை எடுத்தவுடன் எடை முன்னால் போய்ப் பின் டயரின் பிடி குறைகிறது. அந்த நேரத்தில் பின் சக்கரங்களில் ஒன்று வெளிப்பக்கம் பார்த்து நின்றால், அது காருக்குத் தானே ஸ்டீரிங் போடுகிறது.

ஓடையில் இறங்கிய பின் சக்கரம் என்று முதலில் கேட்டேனே, அது இதற்காகத்தான். பின் சக்கரத்தின் டோவைப் பிடித்து வைக்கும் டோ லிங்க் மெலிந்த கம்பி. பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் சில மில்லிமீட்டர் வளைய அது போதும். கண்ணால் பார்த்தால் நேராகவே தெரியும், மற்ற பக்கத்து லிங்க்கோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் இரு முனை புஷ்களையும் கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்திருந்தால், கார் நிற்கும்போது டோ சரியாக இருக்கும், ஓடும்போது மாறும். அலைன்மெண்ட் பிரிண்டில் எல்லாம் பச்சையாக இருந்தும் கார் சரியில்லை என்ற புலம்பலுக்கு அடியில் பெரும்பாலும் இந்த புஷ்தான் இருக்கும்.

பின் டயர்களின் உள் விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டிரெட், உள்ளே மொட்டை. இரண்டு பின் டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது

நம் சாலைகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும், எனவே மெல்ல இடப்பக்கம் போவது இயல்பு. சரிவை எதிர்த்து வலப்பக்கம் இழுத்தால் கோளாறு நிச்சயம். காற்று சரியென்றால் முன் டயர்களை இடம் வலம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். மாறாவிட்டால், பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையை வைத்துப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தின் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. எதுவும் இல்லையென்றால்தான் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் பக்கம் போக வேண்டும்.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கை) பின் புஷ். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் இழுத்தால், பின் சக்கர டிரைவ் காரில் பின் புஷ்களும் எஞ்சின் மவுண்டும்.

அறிகுறி: லாரித் தடத்துக்குள் வழுக்கிப் போகிறது

சரக்கு லாரிகள் அமுக்கிய பள்ளத் தடத்தில் அகலமான டயர் ஏறி இறங்குவது இயல்பு. திடீரென்று அதிகமானால் முன் டோ வெளிப்பக்கம் போயிருக்கிறது, அல்லது டயரின் உள் விளிம்பு தேய்ந்துவிட்டது.

அறிகுறி: பிரேக்கில் மட்டும் ஸ்டீரிங் நடுங்குகிறது

மலை இறங்கியபின் வந்தால் ஐயமே வேண்டாம், டிஸ்க். இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை அழுத்தியபடியே வந்து, அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தி, பெடலில் காலை வைத்தபடி நிற்பது. சூடான பிரேக் பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் படிந்து அங்கே தடிப்பை உண்டாக்கும். டிஸ்க் 'வளைந்துவிட்டது' என்று மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன், ஆளில்லாத சாலையில் 80-லிருந்து 20 வரை நிறுத்தாமல் அடுத்தடுத்து மிதமாகப் பிரேக் போட்டு, பிறகு பிரேக் தொடாமல் ஆறவிட்டுப் பாருங்கள். படிவு மெல்லியதாக இருந்தால் அழிந்துவிடும். அழியாவிட்டால் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் தடிமனைப் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: நடுவில் பிளே, அல்லது மேட்டைத் தாண்டியபின் ஆட்டம் நிற்பதில்லை

காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை இடம் வலம் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட்டிலும் ராக்கிலும் (ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) இருக்கும் ஆட்டம் தெரியும். மேல் கீழ் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயிண்டும். பேரிங் என்றால் ஓட்டும்போது உறுமலும் சேரும், காரை ஒரு பக்கம் சாய்த்தால் அந்த உறுமல் மாறும். மேட்டுக்குப் பிறகு ஊசலாடினால் ஷாக் அப்சார்பர். பம்பரை அமுக்கிப் பார்க்கும் பழைய முறை கெட்டியான ஸ்பிரிங் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் எதையும் சொல்லாது. ஷாக்கின் உடலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அலைன்மெண்ட்

ஆட்டம் எங்கும் இல்லை, ரிம் நேர், டயர் சரி என்றான பிறகு மேடையில் ஏற்றுங்கள். போனதும் இதைச் சொல்லுங்கள்: "அண்ணா, கைவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட், முடிச்சதும் ஒரு பிரிண்ட் வேணும்ங்க." முதல் பிரிண்ட்தான் கோளாறின் ஆதாரம். அதில்தான் எந்தச் சக்கரம் அடி வாங்கியது என்று தெரியும். நான்கு சக்கரங்களையும் பார்க்க வேண்டும், முன் இரண்டு மட்டும் போதாது. முதலில் பின் டோ, அப்புறம்தான் முன். முன்பக்க வேலை நடக்கும்போது ஸ்டீரிங் நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். காற்றழுத்தமும் பெட்ரோலும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும். பின் டோ உள்நோக்கியும், இரு பக்கமும் சமமாகவும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். "பச்சைக்குள்ள இருக்கு" என்ற பதில் போதாது, ஒரு பக்கம் பச்சையின் இந்த ஓரம், மறுபக்கம் அந்த ஓரம் என்றால் கார் நேராகப் போகாது.

டோவைத் தொட்டபின் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் மறுபடி நேராக்கச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால், நேர்ச்சாலையில் போகும்போதே கார் வளைவில் இருப்பதாக ஈ.எஸ்.பி. நினைத்து, வேகத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கலாம். மஞ்சள் விளக்கு எரிந்தால் சங்ககிரி பக்கம் திரும்பாமல் நேராகக் கடைக்கே திரும்புங்கள். எரியவில்லை என்றால் அதே நேரான பகுதி, அதே அதிகாலை, அதே வேகத்தில் ஓட்டி முன்பு எழுதிய குறிப்போடு ஒப்பிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள எண்ணுக்கு மறுபடி இறுக்கிவிடுங்கள்.